துலுக்காத கிடா

முத்தலாங்குளம் பஸ் ஸ்டாண்டில் கழுதை வாயைத் திறந்து கவிதை சொன்னது பங்குனி மாசத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினொன்று இருபதுக்கு. இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அந்த நிமிஷத்தில் நேரக் காப்பாளர் அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் "திருமங்கலம் வழி மதுரை போற பயணிகள்" என்று சொல்லிக்கொண்டிருந்த சௌந்தரம் பாதியிலேயே நிறுத்திவிட்டாள், இருபத்திரண்டு வருஷமாக வெயிலோ மழையோ காய்ச்சலோ அவள் ஒரு வண்டியையும் பாதியில் நிறுத்தியவள் இல்லை, ஆகையால் ஏறப்போனவர்கள் ஒரு காலைப் படியில் வைத்தபடியே நின்று, என்னடா இது என்று திரும்பிப் பார்த்து, சுவரோரம் போஸ்டர் தின்றுகொண்டிருந்த கழுதை தின்பதை நிறுத்திவிட்டுப் பேசுவதைக் கேட்டார்கள்.

வைத்தது செங்கல்லோ வைக்கோலோ
முதுகு ஒருநாளும் கேட்டதில்லை.
இறக்குகிறவன் வரும்வரை நில்.
நிற்கிறதற்கும் ஒரு நிழல் விழும்.

சொல்லிவிட்டு மறுபடியும் போஸ்டரைப் பிடித்து இழுத்தது. செங்கல் சூளைக்காரர்கள் டிராக்டர் வாங்கின வருஷம் அவிழ்த்துவிட்ட கழுதை அது, பத்து வருஷமாகப் பஸ் ஸ்டாண்டுச் சுவர்தான் அதற்குத் தொட்டி, கல்யாணம் காதுகுத்து கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது. டீக்கடை அழகுமீனாள் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, "அம்புட்டு எழுத்து உள்ள போனா ஒருநாள் வெளிய வராமலா இருக்கும்" என்றாள், ஊருக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது, அதற்கு மேல் ஆராய்ச்சி பண்ண யாருக்கும் நேரமில்லை, மதுரை வண்டி வேறு உறுமிக்கொண்டிருந்தது.

காரணம் ஒருநாள்தான் தாங்கியது. மறுநாள், அதே சுவரோரத்துப் பஞ்சர் கடை வாசலில் இரும்புக் கம்பத்தில் கட்டியிருந்த கிடா, ஜென்மத்தில் ஒரு போஸ்டரை மோந்துகூடப் பார்க்காத கிடா, முன்னங்காலிரண்டையும் பழைய டயர்மேல் தூக்கி வைத்துக்கொண்டு கழுதைக்குப் பதில் சொன்னது.

கயிறு நாலு முழம்.
நாலு முழத்துக்குள் எத்தனை இலை!
நாளைக்கு வரும் அரிவாளை
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்,
இன்றைக்கு எட்டின கிளை எனது.

அந்தக் கிடா யாருடையது என்பதைச் சொல்லாவிட்டால் கதை நடக்காது. பஞ்சர் கடைக்காரர் தவசி சௌந்தரத்தின் வீட்டுக்காரர், வாயில் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி பேசவே பேசாத மனுஷர், பெண்டாட்டி நாள் முழுக்க எட்டு ஒலிபெருக்கியில் பேசுகிறாளே, நாம் வேறு எதற்கு என்று இருந்துவிட்டாரோ என்னவோ. போன ஆடியில் சௌந்தரத்தின் தொண்டைக்குழிக்கு மேலே ஒரு கட்டி தட்டுப்பட்டபோதும் அவர் எதுவும் சொல்லவில்லை. நேராக ஒத்தப்பனை முனியாண்டியிடம் போய், என் பெண்டாட்டி கழுத்தில் கத்தி படாமல் கட்டி கரையட்டும், கழுத்துக்குக் கழுத்து தருகிறேன் என்று நேர்ந்துகொண்டு, வரும்போது தோளில் ஒரு குட்டியோடு வந்தார். குட்டி வளர்ந்து கிடாவானது. கட்டியும் கூடவே வளர்ந்து எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து நின்றது.

கழுதை, கிடா இரண்டின் பாட்டையும் ஊர் ஏற்றுக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் அழகுமீனாள் மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள், பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கழுதையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாடச் சொல்லுங்கள், பாலில் எச்சில் தெறிக்கிறது என்று. அதற்கப்புறம் அதுவும் பழகிப்போனது. இரண்டுக்கும் குரல் மெலிசு, ரெண்டாவது பிளாட்பாரத்துக்குக் கேட்காது, ஆகையால் சௌந்தரம் ஜன்னல் வழியாகக் காது கொடுத்துக் கேட்டு, உசிலம்பட்டி வண்டிக்கும் விருதுநகர் வண்டிக்கும் நடுவில் மைக்கில் திருப்பிச் சொல்லுவாள். கழுதையின் பாட்டைச் சொல்லும்போது அவள் குரல் தானாகத் தாழும், கிடாவின் பாட்டைச் சொல்லும்போது தானாக எகிறும். கேட்கிறவர்கள் இரண்டில் ஒன்றை நம்பினார்கள். சொல்லுகிற அவளோ, கழுதைப் பாட்டு தொண்டையைத் தாண்டும்போது கழுதையை நம்பினாள், கிடாப் பாட்டு தாண்டும்போது கிடாவை நம்பினாள், இரண்டும் அந்தக் கட்டியை உரசிக்கொண்டுதான் வெளியே வந்தன.

தமிழ் வாத்தியார் இருதயராஜ் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகாமல் டீக்கடை பெஞ்சிலேயே கிடந்தார். அவருக்கு அது தீபாவளி. சித்திரையில் ஒருநாள் கோடை மழை கொட்டியது, கழுதை கூரைக்கு வராமல் வெட்டவெளியில் நின்றபடி சொன்னது:

மழை வந்தால் நனைவேன்.
நனைந்த கல் கனக்கும், அவ்வளவுதான்.
எனக்கு முன்னால் நனைந்த கழுதைகளும்
காய்ந்துதான் போயின.

கிடா விட்டுவிடுமா?

மழை வந்தால் துள்ளுவேன்.
இந்த மழைக்கு முளைக்கும் புல்லைத்
தின்ன நான் இருக்கமாட்டேன், இருக்கட்டும்,
முளைக்கிற சத்தம் இப்போதே கேட்கிறது.

"பாத்தியாத்தா அழகுமீனா" என்று வாத்தியார் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "ஒரே மழைதான். கழுதைக்கு அது மேல இருந்து விழுற பாரம், கிடாவுக்குக் கீழ இருந்து மொளைக்கிற புல்லு. ஒரே செவுத்தோரம் நின்னு ஒரே ரோட்டத்தான் ரெண்டும் பாக்குது, ஒண்ணு வண்டி வர்ற தெசையப் பாக்குது, ஒண்ணு வண்டி போற தெசையப் பாக்குது."

"எதப் பாத்தா நல்லது, அதச் சொல்லுங்க சார்" என்றாள் அழகுமீனாள்.

அன்றைக்கு அவள் கேட்ட கேள்விதான் ஊரைப் பிடித்துக்கொண்டது. பல்லி கத்தினால் எந்தத் திசை என்று பார்க்கிற ஊர், எதற்கெடுத்தாலும் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கட்டிப் போட்டுப் பார்க்கிற ஊர், இரண்டு வாயில்லா ஜீவன்கள் வாய் திறந்து பேசும்போது சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் குறியாக எடுத்துக்கொண்டார்கள். கண்டக்டர் வேல்மயில் மாறுதல் கேட்டு எழுதிப் போட்டிருந்ததைக் கழுதைப் பாட்டைக் கேட்டு வாபஸ் வாங்கினார். வளையல் கடை பாண்டியம்மா பதினெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கச்சியைப் பார்க்கக் கிடாப் பாட்டைக் கேட்டு ராஜபாளையம் வண்டி ஏறினாள், தங்கச்சி கதவைச் சாத்திவிட்டாள், அடுத்த வண்டியில் திரும்பி வந்து இறங்கிக் கிடாவை நாலு திட்டுத் திட்டினாள். கிடா அதற்கும் ஒரு பாட்டுச் சொன்னது, ஆனால் பாண்டியம்மா கேட்கிற நிலைமையில் இல்லை. ஊர் கழுதைக் கட்சி, கிடாக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, ஒரே வீட்டில் புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி என்று ஆகி, கழுதைக்கும் கிடாவுக்கும் ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தார்கள். கிடாவின் போர்டைக் கழுதை கடித்துப் பார்த்து, பிளாஸ்டிக்காக இருக்கவே துப்பிவிட்டது.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் சௌந்தரம் மதுரைக்குப் போய் வந்தாள். டாக்டரம்மா நல்ல மாதிரி, மூடி மறைத்துப் பேசுகிறவள் இல்லை.

"எடுத்தே ஆகணும்மா. விட்டா மூச்சுக்குழாய நெருக்கும். ஆனா குரலுக்குப் போற நரம்பு இதை ஒட்டித்தான் போகுது. பாத்துத்தான் எடுப்போம். இருந்தாலும் நூறு பேர்ல ரெண்டு பேருக்குக் குரல் போயிரும். அதைச் சொல்லாம உங்ககிட்ட நான் கையெழுத்து வாங்கக் கூடாது. வைகாசி இருபது, திங்கக்கிழமை தேதி குடுத்திருக்கேன். யோசிச்சுட்டு வாங்க."

யோசித்தாள், யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோனாள். குரலைத் தவிர அவளுக்கு என்ன இருக்கிறது? பிள்ளைகுட்டி இல்லை. ரோட்டில் பார்த்தால் யாருக்கும் அவளை அடையாளம் தெரியாது, வாயைத் திறந்து "ஏம்ப்பா" என்றாள் என்றால் போகிறவன் நின்று, "அட, மதுரை வண்டியக்காவா" என்பான். அந்த நூறில் இரண்டு பேர் யார்? அவர்களும் போகும்போது, நமக்கு வராது என்றுதானே போயிருப்பார்கள்? கழுதைப் பாட்டைக் கேட்டால் இருப்பதைச் சுமந்துகொண்டு இருந்துவிடலாம் என்று தோன்றும். கிடாப் பாட்டைக் கேட்டால் போய்ப் படுத்துவிடலாம் என்று தோன்றும். தவசியோ கட்டி கரைந்துவிடும், கிடாவை வெட்டினதும் கரைந்துவிடும் என்று அதே நம்பிக்கையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். கிடா வெட்டுகிற முனியாண்டி திருவிழா ஆபரேஷனுக்கு மூன்று நாள் முந்தி, வெள்ளிக்கிழமை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலேயே பட்டிமன்றம் வைத்தார்கள். வாழ்க்கைக்கு வழிகாட்டுவது கழுதையின் பாட்டா, கிடாவின் பாட்டா? நடுவர் இருதயராஜ் வாத்தியார். மைக் சௌந்தரத்தின் மைக். அவள் மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள்: கிடா ஜெயித்தால் கையெழுத்துப் போடுவது, கழுதை ஜெயித்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை, யார் தடுத்தாலும் சரி. மூன்று மணி நேரம் பேசினார்கள். கழுதைக் கட்சிக்காரர்கள் பொறுமை என்றார்கள், கிடாக் கட்சிக்காரர்கள் துணிச்சல் என்றார்கள், கைதட்டல் காதைப் பிளந்தது, கழுதையும் கிடாவும் ஒன்றும் பேசாமல் தின்றுகொண்டிருந்தன. கடைசியில் வாத்தியார் எழுந்து துண்டைச் சரிசெய்து, கழுதையின் பொறுமையும் கிடாவின் துணிச்சலும் மாட்டு வண்டிக்கு இரண்டு சக்கரம், ஒன்றில்லாமல் ஒன்று ஓடாது, ஆகவே இரண்டுமே என்று தீர்ப்புச் சொன்னார். ஊர் விசில் அடித்துக் கலைந்தது.

சௌந்தரம் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே, "இதுக்கா மூணு மணி நேரம்! நாசமாப் போச்சு போ" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாத்தியார் பயந்துபோய், "என்னம்மா, தீர்ப்பு புடிக்கலையா?" என்றார். "நல்ல தீர்ப்பு சார், வீட்டுக்குப் போங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒத்தப்பனை முனியாண்டி கோயிலில் பாதி ஊர் கூடியிருந்தது. கழுதை கூப்பிடாமலே பின்னால் நடந்து வந்துவிட்டது. அங்கே ஒரு வழக்கம் உண்டு, இன்றைக்கு நேற்று வந்ததில்லை: கிடாவுக்கு மாலை போட்டு, மேலே மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் அதற்குச் சம்மதம், சாமிக்கும் சம்மதம், அரிவாள் இறங்கும். மூன்று தடவை தெளித்தும் துலுக்காவிட்டால் அதன்மேல் கை வைக்கக் கூடாது, அவிழ்த்து விட்டுவிட வேண்டும். அப்படி விட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கிற ஜீவன் தண்ணீர் பட்டால் துலுக்காமல் இருக்குமா?

பூசாரி சடைமாயன் முதல் தடவை தெளித்தார். கிடா நின்றது. முதுகில் விழுந்த தண்ணீர் வயிற்றோரம் வழிந்து சொட்டியது. குலவை போட வாய் திறந்த பொம்பளைகள் அப்படியே திறந்தபடி நின்றார்கள். இரண்டாவது தடவை காதுக்குள்ளே தெளித்தார், காதில் விட்டால் எப்பேர்ப்பட்ட கிடாவும் தலையை உதறும். நின்றது. மூக்கு நுனியில் ஒரு துளி தொங்கியது, நாலு காலும் லேசாக நடுங்கின, ஆனால் தோல் அசையவில்லை. மூன்றாவது தடவை பூசாரி குடத்தோடு தலையில் கவிழ்த்துவிட்டார். டயர்மேல் ஏறி நின்று துள்ளு துள்ளு என்று பாடின கிடா, சூளையில் செங்கல் ஏற்றும்போது கழுதை எப்படி நிற்குமோ அப்படி, கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"அது கழுதைப் பாட்டுல்லயா..." என்றார் இருதயராஜ் வாத்தியார், சத்தமே இல்லாமல்.

அப்போது பனையடியில் நின்ற கழுதை, ஜென்மத்துக்கும் நில் நில் என்று பாடின கழுதை, கழுத்தை நீட்டிச் சொன்னது:

நின்றது போதும்.
கயிறு தரையில் கிடக்கிறது.
எனக்கு ஒருவரும் சொல்லாததை
உனக்கு நான் சொல்கிறேன்: ஓடு.

பூசாரி அரிவாளைக் கீழே வைத்தார். கூட்டம் முணுமுணுத்தது. சாமி ஏற்றுக்கொள்ளவில்லை என்றார்கள், அந்தப் பொம்பளைக்கு இனி என்ன ஆகுமோ என்றார்கள், தவசி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கிடா ஓடவில்லை. மாலையோடு, சொட்டச் சொட்ட நடந்து நேரே சௌந்தரத்திடம் வந்து நின்றது.

அவளுக்கு வெட்கம் மானம் எல்லாம் போய்விட்டது. அத்தனை பேருக்கு முன்னால் கிடாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போ சாமி. நீயாச்சும் சொல்லு. போகவா, வேணாமா?" என்றாள்.

என் கழுத்தைக் கேட்டார்கள், சொல்லிவிட்டேன்.
உன் கழுத்தை நான் எப்படிச் சொல்வேன்?
எனக்கு வந்தது வெட்டுகிற கத்தி.
உனக்கு வருவது வேறு கத்தி.
அதனிடம் நீயே பேசு.

சௌந்தரம் கிடாவின் முகத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அட கிறுக்குப் பயலுகளா என்று ஊரையும் தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள். கழுதை பாடினதெல்லாம் அதன் முதுகைப் பற்றி. கிடா பாடினதெல்லாம் அதன் கழுத்தைப் பற்றி. இன்றைக்கு இடம் மாறி நின்றதும் பாட்டையும் மாற்றிக்கொண்டன. அவளுக்கென்று அவை ஒரு வரியும் பாடவில்லை, பாண்டியம்மாவுக்கும் பாடவில்லை, வேல்மயிலுக்கும் பாடவில்லை. அது தெரிந்ததும் ரெண்டு மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போனது. மண்ணில் உட்கார்ந்திருந்த புருஷன் பக்கத்தில் போய் அவளும் உட்கார்ந்தாள்.

"ஏங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். இத்தனை நாளில் அவள் அதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. "சாகப் பயமில்ல. பேச்சில்லாமப் போயிருவேனோன்னு பயம். ஆனா நான் போறேன். மூச்சு முட்டிக்கிட்டே வண்டி வண்டியாக் கூப்பிட என்னால ஆகாது."

தவசி முகத்திலிருந்து கையை எடுத்தார். "உனக்குப் பேச்சு வரலைன்னா நான் பேசுறேன் சௌந்தரம்" என்றார். "எனக்கும் பழக்கமில்லதான். பேசிப் பழகிக்கிறேன்."

திங்கட்கிழமை டாக்டரம்மா காகிதத்தை நீட்டினாள். சௌந்தரம் பேனாவைக் கையில் வாங்கியபோது தலையில் குடத்தைக் கவிழ்த்தது போலச் சில்லென்று இருந்தது. துலுக்கவும் செய்தாள், யாரும் கவனிக்கவில்லை. பேரில் இருக்கிற இரண்டு ஒற்றும் விட்டுப்போகாமல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, பக்கத்தில் டாக்டரம்மா. "பேரச் சொல்லுங்க பாப்போம்." சௌந்தரம் வாயைத் திறக்கவில்லை. திறந்து வரவில்லை என்றால்? மூடியிருக்கிறவரைக்கும் உள்ளே குரல் இருப்பதாக நினைத்துக்கொண்டு இருக்கலாமே? டாக்டரம்மா காத்திருந்தாள், நர்ஸ் காத்திருந்தாள், கதவுக்கு அந்தப் பக்கம் தவசி காத்திருந்தார். அவளுக்குப் பேர் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நாக்கில் ஊறினதுதான் வந்தது, கரகரவென்று, சரளைக் கல்லில் வண்டி ஏறின மாதிரி, ஆனாலும் அது அவள் குரல்தான்:

"திருமங்கலம் வழி... மதுரை..."

"போதும்மா, போதும், வண்டி இன்னும் கெளம்பல" என்று டாக்டரம்மா சிரித்தாள். வெளியே தவசி கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

டாக்டரம்மா இருபது நாள் மைக்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அந்த இருபது நாளும் தவசி பஞ்சர் கடையைச் சாத்திவிட்டு மைக்கில் உட்கார்ந்தார். முதல் இரண்டு நாள் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்றாம் நாள் பேசத் தொடங்கி, விருதுநகர்க்காரர்களை உசிலம்பட்டிக்கு ஏற்றிவிட்டார், ஊர் பொறுத்துக்கொண்டது. கழுதையும் கிடாவும் எப்போதும்போலப் பாடிக்கொண்டிருந்தன. ஆனால் இப்போதெல்லாம் பாட்டைக் கேட்டு யாரும் பஸ் ஏறவில்லை. நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றார்கள், இல்லாவிட்டால் டீயைக் குடித்தார்கள். வாத்தியாருக்கு மட்டும் இரண்டில் எது கழுதைப் பாட்டு எது கிடாப் பாட்டு என்று சில நாள் குழம்பியது, அதிலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

இருபத்தோராம் நாள் காலை, வானம் மூடிக்கொண்டு ஆனிச் சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, சௌந்தரம் வந்து மைக்கைத் தட்டினாள். எட்டு ஒலிபெருக்கியிலும் டக் டக் என்றது. பஸ் ஸ்டாண்டு முழுக்க அப்படியே நின்றது, அழகுமீனாள் பாலை ஆற்றாமல் நின்றாள், கயிறில்லாமல் திரிந்த கிடா சௌந்தரத்தின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றாள் சௌந்தரம். குரலில் ஒரு பிசிறு இருந்தது, முன்னே இல்லாதது. அதைக் கேட்டதும் கிடா, மூக்கிலிருந்து வால்வரை, காது பட்பட்டென்று அடிக்க, சுற்றிலும் தண்ணீர் தெறிக்கத் துலுக்கியது.

ஊருக்கு மூச்சு நின்றுபோனது. அத்தனை பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூசாரி சடைமாயனைத் திரும்பிப் பார்த்தார்கள். பூசாரி கிடாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

"இது மழைத் தண்ணி" என்றார். "மழைத் தண்ணிக்குத் துலுக்குனா செல்லாது."

சௌந்தரம் மைக்கை அணைக்க மறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிசிறோடு எட்டு ஒலிபெருக்கி வழியாக ரெண்டாவது பிளாட்பாரம் தாண்டி, பஞ்சர் கடை தாண்டி, ஒத்தப்பனை வரைக்கும் போனது. கழுதை மட்டும் திரும்பிப் பார்க்காமல் புதுப் போஸ்டர் ஒன்றை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பங்குனியில் விட்ட இடத்திலிருந்து எடுத்து, திருமங்கலம் வழி மதுரை போற பயணிகள் எல்லாம் ஒண்ணாம் நம்பர்ல நிக்கிற வண்டியில ஏறி உக்காருங்க என்று கடைசி எழுத்துவரை முழுசாகச் சொல்லி முடித்தாள்.